காலடிப்பேட்டையில் சத்தமில்லாத ஜெபம்

வியாழக்கிழமை காலை எழும்பூரில் இறங்கினேன். திருநெல்வேலியிலிருந்து இரவெல்லாம் மூன்றாம் வகுப்புப் பலகையில் உட்கார்ந்தே வந்ததில் முதுகு ஒரு பக்கமாய் இழுத்துக்கொண்டிருந்தது. கண்ணில் கரித்தூள். கையில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு வேட்டி, வேதபுத்தகம், மதினிக்குக் கொஞ்சம் கருப்பட்டி. அரிசி கொண்டுவர ஆசைதான். ரேஷன் காலத்தில் ஜில்லா விட்டு ஜில்லா அரிசி கொண்டுபோனால் வழியிலேயே பறித்துக்கொள்வார்கள் என்று ஊரில் பயமுறுத்தியிருந்தார்கள்.

நான் பார்க்க வந்தது என் அண்ணன் ஞானமுத்துவை. நம் பக்கத்துச் சபைகளில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. திருவிழாக் கூட்டத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் நின்று பிரசங்கித்தால் கடைசி வரிசைக்கு அப்பால் பனைமரத்தில் இருக்கிறவனுக்கும் கேட்கும். பல வருஷங்களுக்கு முன்பே அவர் மதராசுக்கு வடக்கே காலடிப்பேட்டைக்குப் போய், தீப்பெட்டித் தொழிற்சாலையிலும் கூட்ஸ் ஷெட்டிலும் வேலை செய்கிறவர்களின் சிறு சபை ஒன்றுக்கு உபதேசியாராக இருந்தார். குருப்பட்டம் பெற்ற போதகரான ஐயர் மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்துவது, நோயாளிகளைப் பார்ப்பது எல்லாம் அண்ணன். போன வருஷம் அவர் தொண்டையில் ஒரு கட்டி வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். உயிர் பிழைத்தது. குரல் திரும்பவில்லை.

குரல் இல்லாத உபதேசியாரைச் சபை என்ன செய்யும்? வருகிற ஞாயிறு ஐயர் வந்து முடிவு சொல்லப்போகிறார் என்றும், அண்ணன் ஜெபக்கூட்டத்தில் பேசாமல் எல்லோரையும் சும்மா உட்காரவைக்கிறார் என்றும் ஊருக்குச் செய்தி வந்தது. புத்தி பிசகிவிட்டதோ என்று சிலர் கேட்டார்கள். கோடை விடுமுறையில் இருக்கிற பள்ளி ஆசிரியன் நான்தானே, என்னை அனுப்பினார்கள். அண்ணனையும் மதினியையும் ஊருக்குக் கூட்டிவர வேண்டும். இதுதான் பயணத்தின் காரணம்.

எழும்பூரிலிருந்து டிராம். பாரிமுனையில் இறங்கி வேறு டிராம் பிடித்து ராயபுரம் வந்தேன். இரண்டுக்குமாக இரண்டணா. அதற்கு மேல் ஜட்கா. வண்டிக்காரர் பத்தணா கேட்டார், எட்டணாவுக்கு வந்தார். வண்ணாரப்பேட்டைக்காரர், தலையில் குல்லா, பேர் காதர். கல்மண்டபம் தாண்டும்போது மீன் வாடையும் கரிப்புகையும் சேர்ந்து அடித்தன. தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் கிடங்குகளின் வாடை. வலது பக்கம் வீடுகளின் சந்து வழியே கடல் அவ்வப்போது தெரிந்து மறைந்தது. வெயில் அப்போதே ஏறிவிட்டது.

"காலடிப்பேட்டைல யாரு வூட்டுக்கு சார்?" என்று காதர் கேட்டார்.

"உபதேசியார் ஞானமுத்து வீட்டுக்கு."

"அட, நம்ம நைனாவா! அவரு பேசுனா ரயில் கேட்டு வரைக்கும் கேக்கும் சார். குதிரையே காதை ஆட்டும். பாவம், தொண்டை போய்ட்ச்சு. இப்ப ரோட்ல என்னப் பாத்தா கையத் தூக்கிக் கும்புடறாரு, அவ்ளோதான். நீ இன்னா ஆவணும்?"

"தம்பி."

காதர் இறக்கிவிட்டபோது எட்டணாவை வாங்கிக்கொண்டு, பையை வாசல் வரை தூக்கிவந்து வைத்துவிட்டுப் போனார்.

சபைக்குச் சொந்தமான வீடு அது. ஒரே அறை, ஒரு சமையல் தாழ்வாரம், பக்கத்தில் ஓலை வேய்ந்த ஜெபக் கொட்டகை. எஸ்தர் மதினி வெளியே வந்தாள். ஒரு வருஷத்தில் அவள் முகம் ஒடுங்கியிருந்தது. "வாங்க தம்பி" என்றாள். தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும் முன்பே சொல்லத் தொடங்கிவிட்டாள்.

"எப்படியாவது ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. ஐயர் வந்து வீட்டைக் காலி பண்ணுங்கன்னு சொல்றதுக்கு முன்னால நாமளே போயிட்டா மரியாதை. இவுக என்னன்னா, காலையில ஒரு மணி நேரம் உக்காருதாக, சாயங்காலம் ஒரு மணி நேரம் உக்காருதாக. முன்னால வீட்டு ஜெபத்துல ரெண்டு பேரும் சேந்து பாடுவோம். இப்ப அதுவும் இல்ல. நான் பாடினா அவுகளுக்கு வருத்தமா இருக்குமோன்னு நானும் நிறுத்திட்டேன். வீடு கெடக்கிற கெடையப் பாருங்க. பேச்சு மூச்சு இல்ல."

அண்ணன் மத்தியானம் வந்தார். ஒரு நோயாளி வீட்டில் இருந்துவிட்டு வந்தாராம். என்னைக் கட்டிக்கொண்டார். காதருகில் வாயை வைத்து, காற்றாய் வந்த குரலில், "களைச்சிருக்கே. படு" என்றார். முன்பெல்லாம் அவர் என்னைப் பார்த்ததும் தெரு முனையிலிருந்தே கூப்பிடுவார். நான் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை புழுக்கத்திலும் கொசுவிலும் கழிந்தது. அண்ணனோடு இரண்டு வீடுகளுக்குப் போனேன். அவர் போய் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறார். கண்ணை மூடுவதில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்துவிடுகிறார். ஒரு வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். இன்னொரு வீட்டில் கிழவர், "ஜெபம் பண்ணாமப் போறியே நைனா" என்று குறைபட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை விடியலில் அண்ணன் என்னை எண்ணூருக்குக் கூட்டிப்போனார். சனிதோறும் போவாராம். திருவொற்றியூர் ஸ்டேஷனிலிருந்து ரயில், ஆளுக்கு இரண்டணா. ஏறக்குறைய ஐந்து மைல். வண்டியில் மீன் கூடைப் பெண்களும் உப்பளத்துக்குப் போகிறவர்களும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். இறங்கி மணலில் நடந்து கழிமுகத்துக்குப் போனோம். ஒரு பக்கம் வெண்மையாய் உப்புக் குவியல்கள், எதிரே கடலும் காயலும் கலக்கிற இடம், கரையில் சவுக்கு மரங்கள். தோணி ஒன்று விறகு ஏற்றிக்கொண்டு கால்வாய்ப் பக்கம் போனது.

சவுக்கு நிழலில் உட்கார்ந்ததும் அண்ணன் தன் ஜெப முறையைச் சொல்லிக்கொடுத்தார். அவர் பேச வேண்டுமானால் நாம் அருகில் போக வேண்டும். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கும்.

"சுவிசேஷத்தில ஒரே ஒரு இடம் எடுத்துக்கோ. படகில ஆண்டவர் தூங்கின இடம். புயலை விட்டுரு. அது எல்லாரும் பிரசங்கிக்கிறது. தூங்குறவரை மட்டும் பாரு. களைச்சிருக்கார். நீ அந்தப் படகில பக்கத்தில இருக்கே. ஒண்ணும் கேக்காதே. பாத்துக்கிட்டே இரு."

"மனசு ஓடுமே, அண்ணே."

"ஓடட்டும். விரட்டாதே. திரும்ப வந்து பாரு. அவ்வளவுதான்."

நான் கண்ணை மூடினேன். படகு தெரிந்தது. பிறகு என் வகுப்பு தெரிந்தது, விடுமுறை முடிந்ததும் எழுதவேண்டிய ஆண்டறிக்கை, ஐயரிடம் என்ன சொல்வது, காலில் கடித்த எறும்பு. படகுக்குத் திரும்பினேன். மறுபடியும் மதினியின் முகம். மறுபடியும் படகு. அப்புறம் நினைவில்லை. விழித்தபோது வெயில் காலுக்கு வந்திருந்தது, வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. அண்ணன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"எழுப்பக் கூடாதா?" என்றேன், வெட்கத்தோடு.

"அவரும் தூங்கினார். நீயும் தூங்கினே" என்று சொல்லிச் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது.

அப்போதுதான் நான் கேட்டேன், இது எங்கே கற்றது என்று. ஆஸ்பத்திரியில் என்றார். அறுத்த பிறகு பல வாரம் முணுமுணுக்கக்கூடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை ஒரு மணி நேரம் வாய்விட்டு ஜெபித்தவருக்கு, படுக்கையில் கிடந்தபோது ஒன்றுமே வரவில்லையாம்.

"மனசுக்குள்ளேயே சொல்லிப் பாத்தேன். அதுவும் பிரசங்கமாத்தான் வந்தது. யாரோ கேக்கிறாங்கன்னு நினைச்சுச் சொல்ற மாதிரி. விட்டுட்டேன். ரொம்பப் பயமா இருந்தது, தம்பி. எனக்கும் அவருக்கும் நடுவில வார்த்தைதான் இருந்ததுன்னு நினைச்சேன். அது போனா அவரும் போயிருவாருன்னு. போகலை. அவர் பேசவும் இல்லை. ஆனா போகலை."

இவ்வளவு சொன்னதற்கே அவருக்கு வியர்த்துவிட்டது. நான் வந்த காரியத்தை அப்போது சொன்னேன். ஊரில் அப்பா விட்ட பனங்காடு இருக்கிறது, பின்கட்டு அறை காலியாக இருக்கிறது, மதினியும் வர விரும்புகிறாள். அண்ணன் காயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊருக்கு வந்தா நான் குரல் போன ஞானமுத்து. பாக்கிறவங்க எல்லாம் பரிதாபப்படுவாங்க. அதைத் தாங்கிக்கிட்டு உக்கார என்னால முடியாது. ஞாயிறு கழியட்டும்."

திரும்பும் ரயிலில் இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே வந்தோம். அவர் முகமும் சோர்ந்துதான் இருந்தது. மௌனம் மனிதனுக்குப் பலம் கொடுத்து முகத்தைப் பிரகாசிக்க வைக்கும் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்துபோவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் ராயபுரத்திலிருந்து கைரிக்ஷாவில் வந்தார். வயதானவர், அன்பானவர், வெயிலில் முகம் சிவந்திருந்தது. கொட்டகையில் பாய் விரித்து முப்பது பேர் போல உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பாட்டு, பாளையம் என்கிறவர் எழுத்துக் கூட்டி வாசித்த ஒரு சிறு பகுதி, அப்புறம் அண்ணன் கையால் சைகை காட்டினார். எல்லோரும் அமைதியானார்கள்.

அமைதி என்று சொன்னேனே தவிர, காலடிப்பேட்டையில் அப்படி ஒன்று கிடையாது. ஒரு கூட்ஸ் வண்டி நீளமாகப் போனது. தெருவில் ஐஸ்காரன் மணி அடித்தான். ஒரு குழந்தை அழுதது, தாய் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். ஐயர் இரண்டுமுறை கடிகாரத்தைப் பார்த்தார். நானே நெளிந்தேன். பக்கத்தில் இருந்த ஒருவர் தூங்கி விழுந்தார். பாளையம் மட்டும் முழங்காலில் கை வைத்து, கொட்டகையின் மூங்கிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் ஐயர் எல்லோரையும் இருக்கச் சொன்னார். "இந்த முறை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? தாராளமாகச் சொல்லுங்கள்" என்றார்.

 முதலில் கன்னியம்மாள் என்ற பெண் எழுந்தாள். தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. விரல் நுனிகள் மருந்தில் கருத்திருந்தன.

"நைனா மேல எனுக்குக் கோவம் இல்ல, ஐயரே. எம் புருசன் செத்தப்ப அவரு பண்ண ஜெபத்தாலதான் நான் உசுரோட கீறேன். ஆனா எனுக்குப் பாட்டு வேணும். வாரம் பூரா மிசினு முன்னால வாயத் தொறக்காம நிக்கிறேன். இங்க வந்தும் வாய மூடிக்கினு குந்திக்கினு இருக்கணும்னா, நான் எங்க போயி கத்தறது?"

சிலர் தலையாட்டினார்கள். பாளையம் எழுந்தார். கொருக்குப்பேட்டை ரயில் யார்டில் மூட்டை தூக்குகிறவர், வயது ஐம்பது இருக்கும்.

"எனுக்கு இதான் ஒத்து வருது. யார்டுல மேஸ்திரி கத்துவான், எஞ்சினு கத்தும், வூட்டுக்குப் போனா அங்க ஒரே பேஜாரு. இங்க யாரும் என்ன ஒண்ணும் கேக்கறதில்ல. நைனா ஒரு வழி சொல்லிக் குடுத்தாரு. மூட்டையத் தூக்கசொல்ல 'ஆண்டவரே'ங்கிறேன், எறக்கசொல்ல 'இங்க கீறேன்'ங்கிறேன். சில நாளு மறந்துடறேன். அன்னிக்கும் மூட்ட அதே கனம்தான். ஆனா நெனப்பு வந்த அன்னிக்கு நான் தனியாத் தூக்கல."

கன்னியம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்து, "ஒனுக்கு சரி, எனுக்கு ஆவலியே" என்றாள். அதில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது.

ஐயர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் எழுந்து போய் அவர் காதருகில் குனிந்து வெகுநேரம் சொன்னார். ஐயர் கண்ணை மூடிக் கேட்டார். பின்பு அவரே எங்களுக்குச் சொன்னார்: "கன்னியம்மாள் சொல்வது சரி என்கிறார் உபதேசியார். சபைக்குச் சத்தம் வேண்டும். தன்னால் கொடுக்க முடியாததை யாருக்கும் வேண்டாம் என்று தான் சொல்லக்கூடாது என்கிறார். நல்ல குரல் உள்ள வேறு ஒருவரை அனுப்பச் சொல்கிறார்."  அடுத்த மாதம் புதியவர் வருவார், வீட்டை அதற்குள் காலி செய்யவேண்டும் என்று முடித்தார். அண்ணனுக்கு யார்டில் மூட்டைக் கணக்கு எழுதும் வேலைக்குச் சொல்லிப் பார்ப்பதாகப் பாளையம் சொன்னார். அண்ணன் உடனே தலையசைத்தார். கொருக்குப்பேட்டையிலேயே ஓர் அறை பார்த்துக்கொள்ளலாம் என்று சைகையால் சொன்னார்.

வாசலில் நின்ற மதினி விருட்டென்று உள்ளே போனாள்.

அன்று மாலை விளக்கேற்றியதும் அண்ணன் வழக்கம்போல் சுவர் ஓரம் உட்கார்ந்தார். நாள் முடிவில் காலையிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்ப்பது அவருடைய இன்னொரு பழக்கம். எந்த இடத்தில் ஆண்டவரோடு இருந்தோம், எந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டோம் என்று. அவர் கண்ணை மூடுவதற்குள் மதினி சோற்றுப்பானையைத் தரையில் ஓங்கி வைத்தாள்.

"ஐயர்கிட்டக் கேட்டாச்சு. கன்னியம்மா பேச்சுக்குத் தலையாட்டியாச்சு. பாளையத்துக்கிட்ட வேலைக்கும் சரின்னு சொல்லியாச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா? ரயில் பாதைக்குப் பக்கத்துல ஒரு அறையில நீங்க கண்ண மூடிக்கிட்டு இருப்பீக. நான் யார்கூடப் பேசுவேன்?"

நான் வெளியே போக எழுந்தேன். அண்ணன் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். பிறகு மதினியிடம் போனார். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர் சொன்னது எனக்குக் கேட்டது. அறை அவ்வளவுதான் அகலம்.

"இன்னிக்கு நான் முகத்தைத் திருப்பிக்கிட்ட இடம் அதுதான், எஸ்தர். உன்னைக் கேக்கலை. இப்பக் கேக்கிறேன். ஊருக்குப் போகலாம்னா போவோம்."

மதினி அழுதாள். வெகுநேரம் அழுதாள். அண்ணன் சமாதானம் சொல்லவில்லை, சொல்ல முடியவும் இல்லை. பக்கத்திலேயே இருந்தார். சோறு ஆறிப்போனது. கடைசியில் அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்: "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்கலாம். ஆனா தினம் சாயங்காலம் நான் பாடுவேன். சத்தமாப் பாடுவேன். நீங்க ஒக்காந்து கேளுங்க. அதுக்கப்புறம் நானும் ஒக்காருதேன், என்னால முடிஞ்ச மட்டும்."

அண்ணன் அவள் கையை எடுத்துத் தன் தொண்டைமேல் வைத்துக்கொண்டார்.

அன்று மதினி பாடினாள். ஒரு வருஷம் பாடாத தொண்டை. முதல் அடியில் உடைந்தது, இரண்டாவதில் தேறியது. அண்ணன் உதடுகள் அசைந்தன. பாட்டு முடிந்து நாங்கள் மூவரும் சும்மா உட்கார்ந்தோம். படகோ காட்சியோ எனக்கு ஒன்றும் வரவில்லை. மூன்று பேர் மூச்சு விடுவது கேட்டது. அதுவே போதும்போல் இருந்தது. மதினி கொஞ்ச நேரத்தில் எழுந்து சோற்றைச் சூடுபண்ணப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை நாங்கள் கொருக்குப்பேட்டைக்குப் போய் அறையைப் பார்த்தோம். ஓட்டுக் கூரை, ஒரே ஜன்னல், அதற்கு வெளியே தண்டவாளங்கள். எஞ்சின் போனால் சுவர் அதிர்கிறது. மாதம் ஆறு ரூபாய் வாடகை. மதினி அடுப்புக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தாள், ஜன்னல் கம்பியைத் துணியால் துடைத்துப் பார்த்தாள்; துணி கறுத்துப்போனது. "என்ன கலீஜு" என்று மதராஸ் வார்த்தையிலேயே சொன்னாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மாலை எழும்பூருக்கு இரண்டு பேரும் வழியனுப்ப வந்தார்கள். மதினி ஒரு சோற்றுப் பொட்டலம் கொடுத்தாள். எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வந்த காரியம் நடக்காமல் திரும்பிப் போகிறேன். ஊரில் கேட்பார்கள். புத்தி பிசகவில்லை என்று சொல்லலாம். அதற்கு மேல் என்ன சொல்ல? நம் ஊரில் விடியற்காலை அமைதியாக இருக்கிறது. பனங்காட்டில் காற்றைத் தவிர வேறு சத்தமில்லை. அந்த அமைதியில் நான் இத்தனை வருஷமாக ஜெப வார்த்தைகளை அவசரமாக ஒப்பித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறேன். இவர்கள் கரிப்புகையிலும் எஞ்சின் சத்தத்திலும் உட்காருகிறார்கள். அதனால் அவர்கள் கஷ்டம் குறைந்ததாகத் தெரியவில்லை. உட்காருவதை நிறுத்துவார்கள் என்றும் தோன்றவில்லை.

விசில் ஊதியது. வண்டி அசைந்தது. அண்ணன் ஜன்னலை ஒட்டி நடந்துகொண்டே என்னவோ சொன்னார். நான் தலையை நீட்டினேன். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் விழவில்லை. மறுபடி சொன்னார். முகத்தில் அவசரம். ஏதோ முக்கியமான வார்த்தை, நான் ஊருக்குக் கொண்டுபோக வேண்டியது என்று நினைத்தேன். மதினி அவர் வாயருகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, நிமிர்ந்து, பிளாட்பாரம் முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி கூவினாள்:

"தேங்காச் சோறு ஊசிப்போயிருமாம் தம்பி! செங்கல்பட்டு தாண்டுறதுக்குள்ள சாப்பிட்டுரணுமாம்!"

தாம்பரம் வந்ததும் பொட்டலத்தைப் பிரித்தேன். எதிரே இருந்தவருக்கும் கொஞ்சம் கொடுத்தேன். சாப்பிட்டு, கை கழுவி, ஜன்னலோரம் சாய்ந்து, அண்ணன் சொன்னபடி ஒன்றும் கேட்காமல் இருந்தேன், தூக்கம் வரும்வரை.